தேவையில்லாத ஃபைல்

நான் பதினொரு மாதம் உட்கார்ந்து செய்ததை அவர் ஒரு புதன்கிழமை காலையில் அழித்தார். நான் அப்போது கீழே அச்சுக்கூடத்தில் இருந்தேன். ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் படிப்பைத் தப்பாகப் போட்டிருந்தோம், அதைப் ப்ரூஃபில் திருத்திக்கொண்டிருந்தேன். மாடியேறி வந்து பார்த்தால் என் நாற்காலியில் அவர். என் கம்ப்யூட்டர் திரை முழுக்கச் சின்னச் சின்ன நிறக் கட்டங்கள். ஒவ்வொன்றாக இடம் பெயர்ந்து மேல்வரிசைக்குப் போய்க்கொண்டிருந்தன.

“உங்க சிஸ்டத்தைத்தான் கிளீன் பண்ணிட்டு இருக்கறேன் அம்மணி. தேவையில்லாத ஃபைல் எல்லாத்தையும் தூக்கிப் போட்டேன். இனிப் பாருங்க, பறக்கும்,” என்றார்.

நான் நன்றி சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. “ரொம்ப தேங்க்ஸுங்கண்ணா” என்று சொல்லி, ஃபிளாஸ்கில் எனக்கென்று இருந்த டீயையும் அவருக்கே ஊற்றிக் கொடுத்தேன்.

அவர் எங்கள் முதலாளியின் மச்சினர், முதலாளி மனைவியின் தம்பி. முதலாளிக்குக் காந்திபுரத்தில் ஒரு சந்துக்குள் ஆஃப்செட் அச்சுக்கூடம் இருந்தது. கீழே மெஷின், மேலே நாங்கள். மேலே மூன்று கம்ப்யூட்டர்கள். ஒன்றில் நான், பக்கத்தில் இன்னொன்றில் என்னைவிடப் பத்து வயது மூத்த ஓர் அக்கா, மூன்றாவது கண்ணாடி அறைக்குள் மச்சினருக்கு. மூன்றும் ஒரே நாளில் ஒரே வண்டியில் வந்து இறங்கியவை, ஒரே மாதிரியானவை. அவர் ஆறு மாதம் ஹார்டுவேர் படித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தார். அதனால் கம்ப்யூட்டரைத் திறப்பதும் மூடுவதும் அவர் மட்டும்தான். நாங்கள் திருப்புளியைத் தொடக்கூடாது.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. சிமென்ட் ஃபாக்டரி இருக்கிற மதுக்கரையிலிருந்து தினமும் இரண்டு பஸ் ஏறி வருவேன். உக்கடத்தில் பஸ் மாற வேண்டும். அங்கே காத்து நிற்கும் நேரத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்தது டவுன் பஸ்களின் முகப்புப் பலகைகளைத்தான். யாரோ ஒரு பெயின்டர் எழுதிய எழுத்துகள். ‘க’வுக்கு நல்ல தொப்பை இருக்கும். ‘ட’ நிமிர்ந்து நிற்கும். தூரத்தில் வரும்போதே ஊர் பெயர் நம்மைக் கூப்பிடுவதுபோல இருக்கும். எங்கள் ஆபீஸில் இருந்த நாலைந்து தமிழ் ஃபான்ட்டுகளோ நோயாளிகள் மாதிரி இருந்தன. ஒன்றில் ‘ணை’யின் கொம்பு ஒடிந்து தொங்கும். இன்னொன்றில் ‘ஸ்ரீ’ அடுத்த எழுத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் அதைக் காட்டிச் சண்டைக்கு வருவார்கள்.

அதனால் நானே ஒரு ஃபான்ட் செய்ய ஆரம்பித்தேன். மதியச் சாப்பாட்டைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, மீதி நேரத்தில் மவுஸால் ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைவேன். பஸ் பலகையில் பார்த்ததை வீணான ப்ரூஃப் தாளின் பின்பக்கத்தில் கிறுக்கிக்கொண்டு வந்து, திரையில் வைத்து வளைப்பேன். ‘ஞ’ மட்டும் ஒன்பது நாள் எடுத்தது. வட்டம் வந்தால் வால் வராது, வால் வந்தால் வட்டம் சப்பையாகிப் போகும். பதினொரு மாதத்தில் நூற்றுச் சொச்சம் எழுத்துகள் முடிந்திருந்தன. கிரந்த எழுத்துகளும் எண்களும்தான் பாக்கி. எல்லாவற்றையும் ‘பஸ்’ என்ற ஃபோல்டருக்குள் வைத்திருந்தேன்.

அன்றைக்கு மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து தேடினேன். ஃபோல்டர் இல்லை. வேறு இடத்தில் வைத்திருப்பார் என்று நினைத்து எல்லா இடத்திலும் தேடினேன். பிறகு கண்ணாடி அறையின் கதவைத் தட்டினேன்.

“ஏனுங்கண்ணா, பஸ்ஸுனு ஒரு ஃபோல்டர் இருந்துச்சுங்களே?”

“ஆமா. அழிச்சுப்போட்டேன்.”

“அதுல நான் வரைஞ்ச எழுத்தெல்லாம் இருந்துச்சுங்க.”

“ஆபீஸ் வேலையா அது?” என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை. தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். “தேவையில்லாததை எல்லாம் சேத்தி வெச்சா சிஸ்டம் எப்புடி அம்மணி ஓடும்? நாந்தான் சொன்னேனே, ஃபைல் சேரச் சேர ஸ்லோ ஆகும்னு.”

எனக்கு அழுகை வரவில்லை. காது சூடாகிவிட்டது. திரும்பி வந்து என் இடத்தில் உட்கார்ந்து, அந்த மாப்பிள்ளையின் படிப்பைப் பி.இ. என்று மாற்றி அடித்தேன். பக்கத்து அக்கா என் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, ஒரு கொய்யாக்காயை நறுக்கி என் மேசையில் வைத்தார்.

வீட்டில் மூன்று ஃப்ளாப்பிகள் வைத்திருந்தேன். முதல் சில மாதங்களில் செய்ததை அவற்றில் எடுத்துவைத்திருந்தேன், பிறகு அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று. அடுத்த நாள் கொண்டுவந்து போட்டுப் பார்த்தேன். ஒன்றில் உயிரெழுத்துகள் வந்தன. இரண்டாவதில் ‘க’ வரிசை மட்டும் பிழைத்திருந்தது. மூன்றாவதில் பூஞ்சை பிடித்து, கம்ப்யூட்டர் அதைப் படிக்கவே முடியாது என்று சொல்லிவிட்டது.

அன்றிலிருந்து கொஞ்ச நாள் நான் அவரை நிமிர்ந்தே பார்க்கவில்லை. ஆனால் அவரைத் தவிர வேறு எதையும் நினைக்கவும் இல்லை. அதிலும் எனக்கு ஆறாதது ஒன்று இருந்தது. என் கம்ப்யூட்டர் பறக்கவில்லை. முன்பு போலவே ஊர்ந்தது.

ஆனி மாதத்திலிருந்தே அது அப்படித்தான். அதற்கு முன்பு நன்றாக ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் திடீரென்று ஒரு திங்கட்கிழமையிலிருந்து மந்தமானது. மேலே பிள்ளையார் படம் போட்ட ஒரு பத்திரிகையைத் திறந்தால், முதலில் வெள்ளைத் தாள் வரும், பிறகு தும்பிக்கை வரும், பிறகு வெகு நேரம் ஒன்றும் வராது. ஹார்டு டிஸ்க் மட்டும் உள்ளே கரகரவென்று அரைத்துக்கொண்டே இருக்கும். அக்கா கிறிஸ்தவர். பக்கம் திறக்கிற நேரத்தை ஜெபத்தால் அளந்து வைத்திருந்தார். “என்றதுல ரெண்டு பரமண்டல ஜெபத்துக்குள்ள தொறந்துருது கண்ணு. உன்றதுல ஆறு ஆகுது,” என்பார். மச்சினர் ஃபைல்களை அழித்துச் சுத்தம் செய்த பிறகும் அக்கா எண்ணிப் பார்த்தார். ஆறேதான்.

இதற்கிடையில் முதலாளி என்னைக் கீழே கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். பொள்ளாச்சிப் பக்கம் தோப்பை அண்ணன்மார்களிடம் விட்டுவிட்டு அச்சுத் தொழிலுக்கு வந்தவர். மெஷினின் சத்தத்தை வைத்தே எந்த ரோலர் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கம்ப்யூட்டர் மட்டும் அவருக்குப் புரியாது, புரியாது என்று வெளியே சொல்லவும் மாட்டார்.

“கண்ணு, மாப்ள சொல்றாப்ல, உனக்கு ஸ்பீடு பத்தலையாம். கம்ப்யூட்டரைச் சரி பண்ணிக் குடுத்தும் ஆர்டர் தேங்குதாமா. ஆவணி முகூர்த்தமெல்லாம் முடிஞ்சதும் நீ கீழ பைண்டிங்குக்கு வந்துரு. மேல வேற புள்ளையப் போட்டுக்கலாம்.”

“என்ற மேல தப்பு இல்லைங்க. கம்ப்யூட்டர்தானுங்க ஓடறதில்லை.”

“அதான் சுத்தம் பண்ணியாச்சே கண்ணு,” என்றார்.

என் எழுத்துகளை அழித்தவர், அதையே சாட்சியாக வைத்து என் நாற்காலியையும் பிடுங்கப் பார்க்கிறார். அதுவரை எனக்கு இருந்தது துக்கம். அந்த நிமிடத்திலிருந்து அது வேறு ஒன்றாகிவிட்டது. நான் அவரைத் தோற்கடிக்க வேண்டும், அதுவும் அவர் பெருமைப்படுகிற விஷயத்திலேயே தோற்கடிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

உக்கடத்தில் பழைய புத்தகக் கடைகள் உண்டு. இன்ஜினீயரிங் பையன்கள் போட்டுவிட்டுப் போகிற புத்தகங்கள் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். அங்கே அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. கம்ப்யூட்டருக்குள் எது என்ன வேலை செய்கிறது என்று படம் போட்டு விளக்கியிருந்தார்கள். எனக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்த நாளெல்லாம் படித்தேன். ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் ஆனது உண்டு.

படித்ததை எனக்கு நானே இப்படிச் சொல்லிக்கொண்டேன். ஹார்டு டிஸ்க் என்பது பீரோ. மெமரி என்பது மேசை. பீரோவில் இருப்பதை எடுத்து மேசையில் பரப்பி வைத்துத்தான் வேலை செய்ய முடியும். பீரோவில் நாலு பழைய துணியைத் தூக்கிப் போட்டதால் மேசை அகலமாகிவிடாது. மேசை சின்னதாக இருந்தால், ஒன்றை எடுத்து வைக்க இன்னொன்றை மறுபடி பீரோவுக்குள் திணிக்க வேண்டும். எடுத்து, திணித்து, எடுத்து, திணித்து அதிலேயே நேரம் போய்விடும். அந்தக் கரகரச் சத்தம் அதுதான். பீரோ கதவு மூட முடியாத அளவுக்கு நிறைந்திருந்தால், திணிக்கவும் இடமில்லாமல் திண்டாடும். அப்போது மட்டும் சுத்தம் செய்தால் பலன் உண்டு என்றும் போட்டிருந்தது. என் டிஸ்க்கைப் பார்த்தேன். பாதிக்கு மேல் காலி. என் எழுத்துகள் அத்தனையும் சேர்ந்து எடுத்துக்கொண்ட இடம் ஒரு பிள்ளையார் படத்தின் அளவுகூட வராது.

அதே புத்தகத்தில் இன்னொன்றும் இருந்தது. அதைப் படித்தபோது பஸ் குனியமுத்தூரைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஒரு ஃபைலை அழித்தால் அது உடனே அழிந்துவிடுவதில்லை. பட்டியலிலிருந்து பெயரை மட்டும்தான் கம்ப்யூட்டர் நீக்குகிறது. அந்த இடத்தில் வேறு எதையும் எழுதாதவரை திரும்ப எடுத்துவிடலாம். ஆனால் அழித்த கையோடு டிஸ்க்கை வரிசைப்படுத்தினால், காலியான இடத்தில் எல்லாம் மற்ற ஃபைல்கள் வந்து உட்கார்ந்துவிடும். பிறகு யாராலும் எடுக்க முடியாது. நான் மாடியேறி வந்தபோது திரையில் நகர்ந்துகொண்டிருந்த அந்த நிறக் கட்டங்கள் அதுதான். என் எழுத்துகளின் மேல் அவை ஏறி உட்காருவதைப் பார்த்துக்கொண்டே நான் அவருக்கு டீ ஊற்றியிருக்கிறேன்.

மறுநாள் என் கைக்கடிகாரத்தை அவிழ்த்து மேசையில் வைத்தேன். அதில் விநாடி முள் இருந்தது. பிள்ளையார் படம் போட்ட அந்தப் பத்திரிகையை என் கம்ப்யூட்டரில் திறந்தேன். மூன்று நிமிடம் ஐம்பது விநாடி. அக்காவின் கம்ப்யூட்டரில் ஒரு நிமிடம் இருபது. பிறகு, கீழே பெட்டி பெட்டியாக இருந்த பழைய ஆர்டர் ஃப்ளாப்பிகளை எல்லாம் என் டிஸ்க்கில் ஏற்றினேன். மறுபடி அளந்தேன். மூன்று ஐம்பது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு அளந்தேன். மூன்று நாற்பத்தொன்பது. ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதி வைத்தேன். அக்கா எட்டிப் பார்த்து, “என்ன கண்ணு, பரீட்சைக்குப் படிக்கறியா?” என்று கேட்டார். ஆமாங்க்கா என்றேன்.

மேசை சின்னதாகிவிட்டது என்றால், எப்படிச் சின்னதாகும்? மரமா அது, தேய்ந்து போக? புத்தகத்தில் தேடினேன். கம்ப்யூட்டரைப் போட்டதும் கறுப்புத் திரையில் முதலில் ஓர் எண் ஓடும், அதுதான் மெமரியின் அளவு என்று இருந்தது. தினமும் காலையில் முதலில் வருகிறவள் நான்தான். என்னுடையதையும் அக்காவுடையதையும் போட்டுவிட்டு, அவை தயாராவதற்குள் குடத்தில் தண்ணீர் பிடிக்கப் போய்விடுவேன். அந்த எண்ணை நின்று பார்த்ததே இல்லை. அன்றைக்கு நின்று பார்த்தேன். அக்காவுடையதில் எண் கடகடவென்று ஏறி 8192-இல் நின்றது. என்னுடையதில் 4096. சரியாகப் பாதி.

பிறகு கண்ணாடி அறைக்குள் போனேன். அவர் பத்தரைக்குத்தான் வருவார். அவர் கம்ப்யூட்டரைப் போட்டேன். எண் 8192-ஐத் தாண்டிப் போய் 12288-இல் நின்றது.

அவர் அந்த அறையில் தனியாக ஒரு வேலை வைத்திருந்தார். ஜாதகப் பொருத்தம் பார்க்கிற ஒரு புரோகிராம். தானே எழுதிக்கொண்டிருந்தார். பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் ஏற்கெனவே பொருத்தம் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள், அவர்களை அதற்கும் முன்னால் பிடித்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்தப் புரோகிராம் வேகமாக ஓடுவதற்காக என் கம்ப்யூட்டரைத் திறந்து, மெமரிப் பட்டையில் ஒன்றைக் கழற்றித் தன்னுடையதில் மாட்டிக்கொண்டிருக்கிறார். நான் ஸ்லோ என்று முறையிட்டதும், ஃபைல் சேர்ந்துபோயிற்று என்று சொல்லியிருக்கிறார். அதை நம்ப வைக்க எதையாவது அழிக்க வேண்டும். என்னுடையதை அழித்தார்.

அன்று மதியம் அக்காவை மாடிப்படியில் நிற்கச் சொல்லிவிட்டு, கீழே மெஷின்காரரிடம் வாங்கி வந்த திருப்புளியால் என் கம்ப்யூட்டரைத் திறந்தேன். உள்ளே எங்கும் தூசி. சிமென்ட் ஊரில் பிறந்தவளுக்குத் தூசியைப் படிக்கத் தெரியும். பச்சைப் பலகை முழுக்க ஒரே சாம்பல் படலம். ஒரே ஓர் இடத்தில் மட்டும், பட்டை மாட்டுகிற காலிப் பள்ளம் ஒன்று கழுவி வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. மூடி, திருகு எல்லாவற்றையும் முடுக்கி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அக்காவிடம் மட்டும் சொன்னேன்.

“இப்பவே போயிச் சொல்லு கண்ணு,” என்றார் அக்கா.

“இல்லைங்க்கா. தனியாப் போயிச் சொன்னா ஏதாவது சமாளிச்சுருவாரு. ஆள் இருக்கணும்.”

மூன்று வாரம் காத்திருந்தேன். அந்த மூன்று வாரமும் அவர் என்னைக் கடந்து போகும்போதெல்லாம் சிரித்தபடி வணக்கம் சொன்னேன். எனக்கு அவ்வளவு பொறுமை உண்டு என்று அதற்கு முன் தெரியாது.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வீட்டார் பத்திரிகை பார்க்க வந்திருந்தார்கள். பெண்ணின் அப்பாவும் அத்தையும். முதலாளிக்கு ஊர்க்காரர்கள். அதனால் அவரே மாடிக்குக் கூட்டி வந்தார். மச்சினரும் அறையிலிருந்து வெளியே வந்து நின்றார். நான் பத்திரிகையைத் திறந்தேன். தும்பிக்கை வந்தது. எல்லோரும் நின்றார்கள். அத்தை சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டார்.

“ஏங்கண்ணு, இது தொறக்கறதுக்குள்ள முகூர்த்தமே முடிஞ்சு போயிருமாட்ட இருக்குதே,” என்றார் முதலாளி. குரலில் அவமானம் தெரிந்தது.

“நாந்தான் சொன்னனுங்களே மாமா,” என்று ஆரம்பித்தார் மச்சினர். “மறுபடி கண்டதையும் சேத்தி வெச்சிருப்பாங்க. இப்பவே கிளீன் பண்ணிப்போடறேன்.”

“வேண்டாமுங்கண்ணா,” என்றேன். எழுந்து நின்றேன். “முதலாளிங்க, ஒரே ஒரு நிமிசம். மூணு கம்ப்யூட்டரையும் அணைச்சுப்போட்டுத் திருப்பிப் போடறனுங்க. மொதல்ல ஒரு நெம்பர் ஓடும். அதை மட்டும் நீங்களே படிங்க.”

மச்சினரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அந்த ஒரு நொடிக்காகத்தான் மூன்று வாரம் வணக்கம் சொல்லியிருந்தேன். “அதெல்லாம் எதுக்கு இப்ப, வந்தவங்களை நிறுத்தி வெச்சுட்டு…” என்றார். “இருக்கட்டும், பாக்கலாமுங்க,” என்றார் பெண்ணின் அப்பா. அவருக்குச் சுவாரசியம் தட்டிவிட்டது.

முதலாளி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என் திரையைப் படித்தார். “நாலாயிரத்துத் தொண்ணூத்தாறு.” அக்காவுடையதை அக்காவே சத்தமாகப் படித்தார். “எட்டாயிரத்து நூத்தித் தொண்ணூத்திரண்டுங்க.” கண்ணாடி அறைக்குள் முதலாளி தானே போனார். வெளியே வர நேரமாயிற்று.

“மூணும் ஒரே மாதிரி வாங்கினதுதானே மாப்ள?”

“ஆமாங்க மாமா. அது வந்து, டெம்பரரியாத்தான்…”

நான் நோட்டை நீட்டினேன். ஃபைல் ஏற்றியபோது எவ்வளவு, அழித்தபோது எவ்வளவு என்று கோடு போட்டு எழுதியிருந்ததைக் காட்டினேன். “ஃபைலை அழிச்சதால ஒரு செகண்டுதானுங்க கொறஞ்சுது. இதுக்குள்ள இருந்த மெமரியைக் கழட்டி அங்க மாட்டியிருக்குதுங்க. கழட்டின எடத்துல மட்டும் தூசி இல்லைங்க. தொறந்து காட்டட்டுங்களா?”

முதலாளிக்கு மெமரி என்றால் என்ன என்று தெரியாது. ஆனால் ஒரு மெஷினின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டுவது என்றால் என்ன என்று நன்றாகத் தெரியும். “என்ற ஆஃப்செட்டுல இருந்து ஒரு ரோலரைக் கழட்டிக்கிட்டுப் போயிட்டு, மெஷின்காரன் சோம்பேறின்னு சொல்லுவியா நீ?” என்று கேட்டார். ஊர்க்காரர்கள் முன்னால் கேட்டார். எதற்காக அந்தக் கூடுதல் வேகம் என்றும் கேட்டார். ஜாதகப் புரோகிராம் வெளியே வந்தது. இந்தக் கட்டடத்துக்குள் இனி அந்தச் சோலி நடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

மச்சினரே திருப்புளியை எடுத்து, தன் கம்ப்யூட்டரைத் திறந்து, பட்டையைக் கழற்றி என்னுடையதில் மாட்டினார். முதல் தடவை சரியாக உட்காரவில்லை. அவர் கழற்றிய திருகுகளை நான் உள்ளங்கையில் வாங்கி வைத்துக்கொண்டேன். ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். பத்திரிகை ஒரு நிமிடம் இருபது விநாடியில் திறந்தது. “பரவாயில்லையே,” என்றார் அத்தை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அக்காவும் அதைத்தான் சொன்னார். “போதும் கண்ணு. உன்ற எடம் உனக்குக் கெடச்சுருச்சு. அந்த மனுசன் தலை குனிஞ்சுதான் நடக்கறாரு.” எனக்குப் போதவில்லை. என் எழுத்துகள் திரும்பி வரவில்லை. அவர் தலை குனிந்ததால் எனக்கு ஒரு ‘ங’கூடக் கிடைக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை முதலாளி மூன்று கம்ப்யூட்டரையும் என் பொறுப்பில் விட்டார். கண்ணாடி அறையின் கதவு திறந்தே இருக்க வேண்டும் என்றும், கம்ப்யூட்டரில் எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்று நான்தான் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். அன்று பதினொரு மணிக்கு நான் அந்த அறைக்குள் போய் உட்கார்ந்தேன். மச்சினர் பின்னாலேயே வந்தார்.

“அம்மணி, என்ற ஜாதகம் ஃபோல்டரை மட்டும் விட்டுருங்க. ரெண்டு நாள்ல ஃப்ளாப்பி வாங்கியாந்து எடுத்துக்கறேன்.”

அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். அக்கா முன்பே சொல்லியிருந்தார். பழைய பஞ்சாங்கங்களை மச்சினர் தேடி வாங்கி, ஒவ்வொரு நாளின் கிரக நிலையையும் தன் கையால் ஏற்றியிருந்தார். இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள். அதன் மதிப்பு தெரியாமல் நான் செய்ததாக யாரும் நினைக்க வேண்டாம்.

“ஆபீஸ் வேலைங்களாண்ணா அது?” என்று கேட்டேன்.

அவருக்கு அந்த வார்த்தை ஞாபகம் வந்தது. முகத்தில் தெரிந்தது. “தப்புதான் அம்மணி,” என்றார். “நான் செஞ்சது தப்புதான்.”

நான் அழித்தேன். நிச்சயமாகவா என்று கம்ப்யூட்டர் ஒரு தடவை கேட்கும். ஆமாம் என்று சொன்னேன். பிறகு டிஸ்க்கை வரிசைப்படுத்துகிற புரோகிராமைப் போட்டேன். திரையில் நிறக் கட்டங்கள் நகர ஆரம்பித்தன. அவர் அன்று என் கம்ப்யூட்டரில் அதைப் போட்டபோது, அது திரும்ப எடுக்க முடியாமல் செய்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். எனக்குத் தெரியும். அதற்காகத்தான் போட்டேன். அவர் கதவில் கை வைத்தபடி கட்டங்கள் ஒவ்வொன்றாகப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அவர் நின்றார், நானும் எழுந்திருக்கவில்லை. முடிந்ததும் கடிகாரத்தை வைத்து ஒரு பத்திரிகையைத் திறந்து அளந்தேன். அழிப்பதற்கு முன் இருந்த அதே நேரம். “வேகம் கூடலைங்கண்ணா,” என்று சொன்னேன்.

அன்று வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் பாட்டு முணுமுணுத்தேன். வருத்தப்பட்டேன் என்று எழுதினால் அது பொய். இரண்டு மூன்று மாதம் அந்த இனிப்பு நாக்கிலேயே இருந்தது. அக்கா மட்டும் ஒரு வாரம் என்னுடன் சரியாகப் பேசவில்லை.

தீபாவளி நோம்பி கழிந்ததும் மச்சினர் வேலையை விட்டுப் போனார். திருப்பூரில் யாரோடோ சேர்ந்து ஏதோ செய்கிறார் என்று கேள்விப்பட்டேன். நான் ஃபான்ட்டை மறுபடி வரைந்தேன். இந்தத் தடவை முதலாளியின் அனுமதியோடு, ஆபீஸ் நேரத்திலேயே வரைந்தேன். எட்டு மாதத்தில் முடிந்தது. பத்திரிகைகளில் போட்டோம், கேட்டு வாங்கிப் போனார்கள். ஆனால் முதலில் வந்தது போல வரவில்லை. எழுத்துகள் சரியாக இருந்தன, ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு மூன்று வருடம் போயிருக்கும். காந்திபுரம் டவுன் பஸ் நிலையத்தில் ஒரு நாள் மாலை அவரைப் பார்த்தேன். தோளில் ஒரு பெண் குழந்தை. கொஞ்சம் பூசினாற்போல் இருந்தார். அவரே என்னை நோக்கி வந்தார். என்றாவது இது நடக்கும், என்னைத் திட்டுவார் என்று நினைத்து, என்ன பதில் சொல்வது என்றுகூட நான் தயார் செய்து வைத்திருந்தேன்.

“நல்லா இருக்கீங்களா அம்மணி?” என்று சிரித்தார். “திருப்பூர்ல சென்டர் போட்டிருக்கறேன். ஜாதகம் புரோகிராம்தான். நீங்க அழிச்சதும் மொதல்ல இருந்து எழுதினனுங்க. எழுதறப்பத்தான் தெரிஞ்சுது, பழசுல அத்தனையும் ஓட்டை. கணக்கே தப்பாப் போட்டிருந்தேன். இப்பப் போட்டதும் ஜம்முனு ஓடுது. ஒரு வகையில நீங்க அழிச்சது நல்லதாப் போச்சுங்க.”

கிண்டல் இல்லை. மனதாரத்தான் சொன்னார். குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு டாட்டா காட்ட வைத்தார். “உங்க எழுத்து என்னங்க ஆச்சு? திரும்ப வரைஞ்சீங்களா?” என்று கேட்டார்.

“வரைஞ்சனுங்க,” என்றேன். “நல்லா வந்துச்சுங்க.”

அவர் பஸ் வந்தது. குழந்தையை மாற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். என் பஸ் ஒன்று வந்து போனதைக் கவனிக்கவில்லை. அவர் என்னுடையதை அழித்ததைக்கூட வயதான பிறகு ஒரு நாள் மன்னித்துவிடுவேனோ என்னவோ. அவருக்கு மட்டும் முன்னைவிட நல்லதாகத் திரும்பக் கிடைத்ததை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.